நுனிப்புல்லும் பச்சையும்

பச்சை குத்திக்கொண்ட ஓர் இளைஞனைக் கண்டால் நம்மவர்களில் ஒரு சாராருக்கு உடனே கலாசாரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. மேனாட்டு மோகம், சினிமாவின் கேடு, கிரிக்கெட் வீரர்களைப் பார்த்துக் கெட்ட புத்தி என்று காரணங்களை அடுக்குவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், இப்பொருள் பற்றி ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதங்கள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றை எழுதிய பெரியவர்கள் எவரும் தத்தம் பாட்டியின் முன்கையை ஒருமுறையேனும் உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இறக்குவானை, கஹவத்தை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நான் முதன்முதலில் செய்தி சேகரிக்கப் போன காலத்தில், லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டியருள் பச்சை இல்லாத கைகளைக் காண்பது அருமை. ஒருத்தி கையில் தேள், இன்னொருத்தி கையில் புள்ளிக்கோலம், மற்றொருத்தி கையில் உடன்பிறந்தானின் பெயரின் முதலெழுத்து. ஏன் குத்திக்கொண்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். செத்த பிறகு தாலியையும் தோட்டையும் கழற்றிக்கொள்வார்கள், கூட வருவது இது ஒன்றுதான் என்றார்கள். சொத்தென்று எதையும் சேர்க்க விடாத ஒரு வாழ்க்கையில், எவராலும் பறிக்க முடியாத நகை அது.

அந்த நகையைச் செய்தவர்கள் குறவர் பெண்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகள், குலங்கள் பற்றி 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் அவர்களது மை தயாரிக்கும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக உருட்டுவார்கள். அதை ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, புதுப் பானையால் மூடி, பானையின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அக்கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கரி கறுப்புத்தானே, அதற்கு ஏன் பச்சை என்று பெயர் வந்தது என்று கேட்கலாம். தோலின் அடியடுக்கில் கிடக்கும் கறுப்பு, மேலே உள்ள தோலின் ஊடாக ஒளி சிதறி வருவதால் நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிகிறது. நம் முன்னோர் கண்ணில் பட்ட நிறத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

கடல் கடந்து தமிழகத்தில் இது அரசியலாகவும் ஆனது. 1970களில் எம்.ஜி.ஆர். தமது கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னபோது கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் தொண்டர்கள் குத்திக்கொண்டார்கள். அதன் பிறகு கட்சி மாறியவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அலைந்திருப்பார்கள் என்று எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

ஆகவே பச்சை குத்துவதில் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. என் வழக்கு வாசிப்பைப் பற்றியது.

நான் இப்போது வசிக்கும் எம்பிலிப்பிட்டிய, ஒரு காலத்தில் நாட்டுக்குக் கடதாசி செய்து கொடுத்த ஊர். தேசியக் கடதாசிக் கூட்டுத்தாபனத்தின் ஆலைகள் இரண்டு. வாழைச்சேனையில் ஒன்று, இங்கே ஒன்று. பத்திரிகைக்காரன் ஒருவன் ஓய்வுக்காலத்தில் வந்து குடியேற இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நியச் செலாவணி வற்றிப்போய், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளேடுகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தி, அதை இணையத்துக்குக் கொண்டுபோயின. கைத்தொலைபேசியில் வாசிப்பது என்பது அதற்கு முன்பே வேர்விட்டிருந்ததுதான். ஆனால் எங்கள் தெருவில் கடைசி வரை பத்திரிகை வாங்கிய சிலரும் அந்த மாதங்களில்தான் பழக்கத்தைக் கைவிட்டார்கள். பிறகு கடதாசி வந்தது; அவர்கள் திரும்பி வரவில்லை.

இணையத்தில் உலாவுவதற்கு ‘மேய்தல்’ என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, அவர் தீர்க்கதரிசி. நுனிப்புல் மேய்வது என்ற பழைய வழக்கு நம்மிடம் ஆயத்தமாகவே இருந்தது. ஜேக்கப் நீல்சன் என்பவரின் ஆய்வுக் குழு 2006ஆம் ஆண்டில், இணையப் பக்கங்களைப் பார்ப்போரின் கண்ணசைவை அளந்து ஒரு முடிவை வெளியிட்டது. மேலே ஒரு வரியை வாசிக்கிறார்கள், சற்றுக் கீழே இன்னொரு வரியைப் பாதியளவு வாசிக்கிறார்கள், பிறகு இடது ஓரமாகக் கீழே வழுக்கிப் போகிறார்கள். கண் போன தடம் ஆங்கில ‘எஃப்’ எழுத்தின் வடிவில் இருந்ததாம். அன்று பார்த்தது கணினித் திரையை. இன்று கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கைத்தொலைபேசியில் அந்த ஒரு வரியாவது முழுதாக வாசிக்கப்படுகிறதா என்பது எனக்கு ஐயமே.

செய்தியை இப்படி மேய்ந்தால் நட்டம் அன்றைய நாளோடு போய்விடும். நாளை வேறு செய்தி வரும். ஆனால் இன்று பச்சைக்கான மாதிரியும் இதே மேய்ச்சல் நிலத்தில்தான் தேடப்படுகிறது. குறத்தி கொண்டுவந்த மாதிரிகள் பத்தோ பதினைந்தோ இருக்கும். அவை ஒவ்வொன்றின் பொருளும் குத்துகிறவளுக்கும் தெரியும், குத்திக்கொள்கிறவளுக்கும் தெரியும், பார்க்கிற ஊருக்கும் தெரியும். இப்போது ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் படங்கள் விழுகின்றன. எந்த நாட்டில், யாருக்காக, என்ன எண்ணி வரைந்தது என்ற விவரம் எதுவும் படத்தோடு வருவதில்லை. யாரோ ஒருவரின் படத்தை இன்னொருவர் நகலெடுத்து, அதை மூன்றாமவர் ஓரம் வெட்டி, நான்காமவர் தம் பெயரைப் போட்டுப் போட்டது நம் பையனின் தோளுக்கு வந்து சேர்கிறது. தெரிவு செய்ய அரை நிமிடம். சுமக்க அரை நூற்றாண்டு.

நகரத்தில் கடையொன்றில் வேலை செய்யும் ஓர் இளைஞனை எனக்குப் பழக்கம். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தாய் பல ஆண்டுகளாக வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறார். ஒருநாள் பொருள் கட்டிக் கொடுக்கும்போது அவனது முன்கையில் புதிய பச்சை தெரிந்தது. ‘தாயே துணை’ என்று எழுத எண்ணியிருக்கிறான். ஆனால் யகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நின்றது. ணகரத்துக்குரிய ஐகாரக் குறியும் அப்படியே எழுத்துக்குப் பின்னே தொங்கியது. பூவேலைப்பாடு, நிழல், எழுத்தின் வளைவு எல்லாம் மிகத் துல்லியம். வரைந்த கை தேர்ந்த கை.

“தம்பி, இந்தக் கொம்பு இடம் மாறியிருக்கே” என்றேன்.

“தெரியுங்க ஐயா. போன்ல வந்தது அப்படித்தான் இருந்துச்சு. அது ஒரு ஸ்டைல் எழுத்துன்னு நெனச்சேன்” என்றான்.

குத்தியவர் சிங்களவர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர். தமக்குக் கொடுக்கப்பட்ட படத்தை ஒரு மயிரிழை பிசகாமல் பார்த்து வரைந்திருக்கிறார். அவரிடம் குறை காண்பதற்கு எதுவும் இல்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் இவன் ஒருவனே. அவன் கண்ணுக்கும் அது தட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் திரையில் வந்த ஒன்று தவறாக இருக்க முடியாது என்ற நம்பிக்கை, பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கைபிடித்து எழுதப் பழக்கிய எழுத்தின் மேல் அவனுக்கிருந்த நம்பிக்கையை வென்றுவிட்டது. அந்த இடத்தில்தான் எனக்கு மனம் சுருக்கென்றது.

இந்தப் பிழை எப்படி வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தெரியாதவர்களே அதிகம். ஒருங்குறி முறையில் கணினி ‘யே’ என்ற எழுத்தை முதலில் ‘ய’, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. கைத்தொலைபேசியிலும் இன்றைய கணினிகளிலும் அது தானாக நடக்கிறது. ஆனால் படம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றில், தெற்காசிய எழுத்துகளுக்கென்று உள்ள தெரிவை இயக்காவிட்டால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகள் இன்னும் கோரமாகச் சிதறும். சிங்களத்துக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்களும் அந்தக் குறியைக் ‘கொம்புவ’ என்றுதான் சொல்கிறார்கள்; எழுபது ஆண்டுகளாக மொழிக்காக மோதிக்கொண்ட இரு சாராருக்கும் கொம்பு மட்டும் பொதுச் சொத்தாக இருந்துவருகிறது.

இன்னொரு வகைப் பிழை நம் நாட்டுத் தமிழருக்கே அதிகம் வாய்த்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் இங்கே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் கோலோச்சியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்த ஏற்பாடு அது. பாமினியில் தட்டிய ‘அம்மா’ என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத் தெரியும். தமிழ் அறியாத ஒருவர் அதை ஏதோ மந்திர எழுத்தென்று நினைத்துக்கொண்டு தோலில் ஏற்ற மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இவை போதாதென்று 2011ஆம் ஆண்டிலிருந்து கூகுள் மொழிபெயர்ப்பிலும் தமிழ் கிடைக்கிறது. ஆங்கில வாசகம் ஒன்றைப் போட்டு, வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உள்நாட்டிலும் இருக்கிறார்கள், புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகளிலும் இருக்கிறார்கள். வேர்களைத் தேடும் அந்தப் பிள்ளைகளின் ஆசை உண்மையானது என்பதால் எனக்கு அவர்கள்மேல் இரக்கம் கூடுதல்.

அரச பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாட்டை நாம் நன்கறிவோம். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின் மேல் ‘தாய்’ என்பது ‘நாய்’ என்று எழுதப்பட்டதை நாடே பார்த்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது; ஒரு எழுத்தைச் சரிபார்க்க ஓர் ஆளை வைக்க இன்னும் பல அலுவலகங்களுக்கு மனம் வரவில்லை. அதைக் கண்டித்து நான் எழுதிய பத்திகள் அநேகம், இனியும் எழுதுவேன். ஆனால் பலகையைக் கழற்றி மாற்றலாம். நம் சொந்தத் தோலில் நாமே பணம் கொடுத்து ஏற்றும் தமிழுக்கு எந்த அமைச்சைக் கண்டிப்பது?

தோலுக்கு மறதி கிடையாது. மை தங்குவது மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் உள்ள அடுக்கில். அங்கே அந்நியப் பொருளை விழுங்கும் காவல் உயிரணுக்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை இறக்கும்போது மை வெளியே சிந்துகிறது. அடுத்து வரும் உயிரணுக்கள் அதை அதே இடத்தில் மறுபடி விழுங்கிக்கொள்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட உண்மை இது. ஒரு காவலாளி ஓய்வு பெற மற்றவர் சாவியை வாங்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு. சாவிக்குச் சரியும் தெரியாது, பிழையும் தெரியாது. லேசர் கொண்டு அழிக்கலாம் என்பார்கள். பல தடவை போகவேண்டும், கறுப்பு ஓரளவு போகும், பச்சையும் நீலமும் அடம்பிடிக்கும். தோட்டத்துப் பிள்ளைகளின் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகிற வைத்தியம் அன்று.

எழுத்துப் பிழையாவது வெட்கத்தோடு போகும். உருவங்களின் கதை வேறு. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நயோமி கோல்மன் என்ற பிரித்தானியத் தாதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கினார். கையின் மேற்பகுதியில் தாமரைமேல் அமர்ந்த புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தது. அவர் பௌத்த தியானத்தில் ஈடுபாடு கொண்டவர். பக்தியால் குத்திக்கொண்டதென்று சொன்னார். கைது செய்து, நீதிமன்றத்தில் நிறுத்தி, தடுத்து வைத்து, நாடு கடத்தினார்கள். அவர் விடவில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பரில் எமது உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, நட்டஈடும் செலவுமாக 8 இலட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. தீர்ப்பு நியாயமானது, வரவேற்றேன். ஆனாலும் கவனியுங்கள்: பிரித்தானியக் கடவுச்சீட்டும் வழக்காடும் வசதியும் உள்ள ஒருவருக்கே அந்த நியாயம் கிடைக்க மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. அதே புத்தர் உருவத்தை ‘மன அமைதி’ என்ற தலைப்பில் திரையில் கண்டு, அழகாக இருக்கிறதே என்று தோளில் ஏற்றிக்கொண்டு எம்பிலிப்பிட்டிய பஸ் நிலையத்தில் நிற்கும் ஒரு தமிழ்ப் பையனை எண்ணிப் பார்க்கிறேன்.

இந்நாட்டில் தமிழரின் உடல் பிறரால் வாசிக்கப்பட்ட உடல். 2007ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் குடிவரவுத் தீர்ப்பாயம், திருப்பி அனுப்பப்படும் இலங்கைத் தமிழருக்குக் கொழும்பில் ஆபத்து ஏற்படுத்தக்கூடிய காரணிகள் என்று பன்னிரண்டை வரிசைப்படுத்தியபோது, உடலில் தழும்பு இருப்பதையும் அவற்றுள் ஒன்றாக எழுதிவைத்தது. மரத்திலிருந்து விழுந்த தழும்புக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. உலகெங்கும் மிகுதியாகக் குத்தப்படும் உருவங்களில் ஒன்று புலிமுகம். இலங்கைக் காடுகளில் புலியே கிடையாது, இருப்பது சிறுத்தைதான். ஆனால் புலிமுகம் தமிழ் இளைஞன் ஒருவனின் மார்பில் இருந்தால் அதை விலங்கியல் பாடமாக வாசிக்கப் போகிறவர் எத்தனை பேர்? போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, இனி அந்த அச்சம் தேவையில்லை என்று இளைஞர்கள் என்னிடம் வாதிடுவார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். எனினும் படத்தைக் காட்டிய திரைக்கு இந்த ஊரின் வரலாறு தெரியாது என்பதை அவர்கள் அறிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். பயந்து வாழச் சொல்லவில்லை. அறிந்து குத்திக்கொள்பவனுடைய துணிவை நான் மதிப்பேன்.

ஊசி புதிதா, மை எங்கிருந்து வந்தது, ஈரல் அழற்சிக் கிருமி தொற்றாதிருக்க என்ன ஏற்பாடு என்பனவற்றையும் வாசித்து அறிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் சுமார் 4,000 இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. இங்கே குப்பியின் மேலொட்டியைப் படித்துப் பார்ப்பவர்களே குறைவு.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ஒரு மரண அறிவித்தல்கூட மூன்று கண்களைக் கடந்துதான் அச்சேறும். கோப்பவர், ஒப்புநோக்காளர், பக்கத்தைப் பார்க்கும் ஆசிரியர். மறுநாள் வடை கட்டப் போகிற கடதாசிக்கு அவ்வளவு காவல். தோலுக்கு ஒரு கண்ணும் இல்லை. குத்திக்கொள்பவர் கடைசியாகச் சரிபார்ப்பதும் முகம் பார்க்கும் கண்ணாடியிலோ கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவிலோதான். அங்கே எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், பிழை எங்கே தெரியப் போகிறது?

அந்தப் பையனைப் பற்றி இன்னும் ஒன்று. பச்சை குத்திய அன்றிரவே படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பியிருக்கிறான். “அம்மா என்னப்பா சொன்னாங்க?” என்று கேட்டேன். குரல் பதிவு அனுப்பினாராம். ‘தாயே துணை’ என்று இரண்டு தடவை வாசித்துவிட்டு அழுதாராம். கொம்பு எங்கே நின்றாலும் அந்தத் தாய்க்கு வாசிக்க முடிந்திருக்கிறது. அதற்கு மேல் நான் அவனிடம் திருத்தம் பற்றி எதுவும் பேசவில்லை.

மற்றவர்களுக்கு ஓர் அறிவித்தல். எம்பிலிப்பிட்டிய, கொடகவெல, இறக்குவானைப் பக்கத்தில் எவரேனும் தமிழில் பச்சை குத்திக்கொள்ள எண்ணியிருந்தால், ஊசி படுவதற்கு முதல்நாள் என்னிடம் காட்டலாம். கைத்தொலைபேசியில் நீட்ட வேண்டாம். வெள்ளைக் கடதாசியில் பெரிதாக அச்செடுத்து, இரட்டை வரி இடைவெளி விட்டு, கையோடு ஒரு சிவப்புப் பேனாவும் கொண்டுவர வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். கட்டணம் இல்லை, இங்கிருந்து தூரத்தில் உள்ளவர்கள், தமிழ் படிப்பித்த ஆசிரியர் ஒருவரை ஊரிலேயே தேடிப் பிடிப்பது நல்லது.